மாலை ஜெபத்தின் பாட்டு: தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் இசை

தென்னிந்தியத் திருச்சபையினர் வீட்டில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பல பாட்டுகளின் தலையில் ஒரு சிறு வரி அச்சாகியிருக்கும். சங்கராபரணம், ஆதி தாளம். செஞ்சுருட்டி, ரூபக தாளம். ஆனந்தபைரவி, சாபு தாளம் என்று. அந்த வரியைப் படித்துவிட்டுப் பாடத் தொடங்குகிறவர்கள் மிகக் குறைவு. பாட்டை அதன் எண்ணால் அடையாளம் சொல்வார்கள், மெட்டைத் தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ காதால் வாங்கியிருப்பார்கள். அச்சில் ஒரு ராகம் இருக்க, பாடப்படுவது அதன் சாயல் மட்டும் ஒட்டியிருக்கும் வேறொரு மெட்டாக இருப்பதும் உண்டு. திருநெல்வேலியில் பாடுவது போல மதுரையில் பாடுவதில்லை, மதுரையில் பாடுவது போல யாழ்ப்பாணத்தில் பாடுவதில்லை. சங்கீதம் கற்றவர்கள் இதைச் சிதைவு என்பார்கள். பாட்டு வித்வானின் கையிலிருந்து வீட்டின் வாய்க்குப் போய்விட்டது என்பதற்கான சான்றாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்க் கிறிஸ்தவ இசையைப் பற்றிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் பாணியைப் பற்றியது: மேனாட்டு இசையா, கர்நாடக இசையா, நாட்டுப்புற இசையா? முன்னூறு ஆண்டுச் சர்ச்சை இது, முக்கியமானதும்கூட. ஆனால் சர்ச்சை நடந்த இடம் ஆலயமும் இறையியல் கல்லூரியும். பாட்டு நடந்த இடமோ வீடு, தெரு, வயல், துக்க வீடு. அங்கிருந்து பார்த்தால் சில விஷயங்கள் வேறு விதமாகத் தெரிகின்றன.

மாலை ஜெபத்தையே எடுத்துக்கொள்வோம். விளக்கு வைத்தபின் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு வேத பகுதி, முழங்காலில் நின்று ஜெபம், எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். இந்த வரிசையில் வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் ஒருவரே செய்யக்கூடியவை. பாட்டு மட்டும்தான் வீட்டில் உள்ள அனைவரின் வாயையும் திறக்க வைப்பது. எழுத்தறியாத பாட்டிக்கும் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. அதற்குக் காரணம் கீர்த்தனையின் வடிவம்தான். சரணம் தெரியாதவர்கூட ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் திரும்பி வரும் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். நாற்பது தடவை கேட்டபின் சரணங்களும் தாமாகவே ஏறிவிடும். பெண்களில் மிகச் சிலரே வாசிக்கத் தெரிந்திருந்த காலத்தில் பாவம், மீட்பு, கிருபை, சிலுவை என்ற கருத்துகளெல்லாம் பெரும்பாலோர் மனத்தில் பதிந்தது இந்த வழியாகத்தான். பிரசங்கம் வாரத்துக்கு ஒரு முறை, பாட்டு அன்றாடம்.

இந்த வடிவம் தொடக்கத்திலேயே இருக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் நாட்டு லுத்தரன்கள். மக்கள் தங்கள் மொழியில் தாங்களே பாட வேண்டும் என்பது 1524இல் முதல் பாட்டுப் புத்தகங்களை வெளியிட்ட லுத்தரின் இயக்கம் அவர்களுக்குக் கொடுத்திருந்த பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தோடு ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்கள், ஆனால் ஜெர்மன் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். சிக்கல் அங்கேதான். ஜெர்மன் பாட்டில் தாளத்தின் அடி விழுவது சொல்லில் அழுத்தம் விழும் அசையில். தமிழில் குறிலும் நெடிலும்தான் சொல்லின் உயிர். நீண்ட சுரத்தில் குறில் வந்து மாட்டிக்கொண்டால் 'கலம்' 'காலம்' ஆகிவிடும். யோகான் பிலிப் ஃபப்ரிசியஸ் 18ஆம் நூற்றாண்டில் இந்த மொழிபெயர்ப்புகளை மிகவும் செப்பனிட்டார். அவருடைய பாட்டுகள் இன்றும் லுத்தரன் சபைகளில் அன்போடு பாடப்படுகின்றன. ஆனாலும் அவற்றுக்கு ஆர்கனோ தேர்ந்த பாடகர் குழுவோ துணை வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையிலோ சென்னையிலோ நான்கு குரல் இசைவில் இந்த மேனாட்டு மெட்டுப் பாமாலை எழும்போது கிடைக்கும் கம்பீரம் வேறெதிலும் கிடைக்காது. அதே பாமாலையை நாலு பேர் உள்ள வீட்டில் பாடினால் ஏதோ குறைகிறது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த அவரைப் பன்னிரண்டு வயதளவில் மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து வளர்த்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜிக்கும் சுவார்ட்ஸே பாதுகாவலர். இருவரும் ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்தவர்கள். தஞ்சாவூர் அப்போது இசை கொழித்த ஊர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் திருவையாற்றில் தியாகராஜர் வாழ்ந்துகொண்டிருந்தார். மராட்டிய மன்னர் காலத்துப் பஜனை மரபும் கதாகாலட்சேபமும் குறவஞ்சி நாடகமும் தெருவெங்கும் இருந்தன. சாஸ்திரியார் இவை அனைத்தையும் எடுத்துக்கொண்டார். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவமாக வருகிறாள். சூரியனை மையமாகக் கொண்ட புதிய வானியலும் பூகோளமும்கூட அந்தக் குறவஞ்சிக்குள் நுழைந்துவிட்டன. மிஷன் பள்ளி ஆசிரியரல்லவா!

குறவஞ்சியின் இலக்கியச் சிறப்பைப் பலர் எழுதிவிட்டார்கள். என் கவனத்தை ஈர்ப்பது அவர் கையாண்ட மற்ற வடிவங்களின் பட்டியல்: கும்மி, அம்மானை, ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம், வாழ்த்து. ஏற்றப்பாட்டு தண்ணீர் இறைக்கிறவன் பாடுவது. கும்மி பெண்கள் கூடி அடிப்பது. வாழ்த்து கல்யாண வீட்டில் பாடுவது. இவற்றில் எதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒழுங்கில் இடமில்லை. ஆக, இந்தக் கவிராயர் ஆராதனைக்கு வெளியே கிடந்த ஆறு நாளையும் கணக்கில் வைத்தே எழுதியிருக்கிறார். மதம் மாறியவனும் தண்ணீர் இறைக்க வேண்டும், இறைக்கும்போது பாட வேண்டும். பழைய பாட்டைப் பாடக் கூடாது என்றால் புதிய பாட்டு ஒன்று வேண்டுமே.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிவிடும் ஒரு பகுதி உண்டு. 1820களின் பிற்பகுதியில் தஞ்சாவூர்ச் சபையில் பெரும் சச்சரவு எழுந்தது. அங்கே அதிகாரத்துக்கு வந்த ஆங்கிலத் திருச்சபையின் புதிய மிஷனரிகள் பழைய ஜெர்மன் மிஷனரிகள் விட்டுவைத்திருந்த பலவற்றை மாற்ற முனைந்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அவருடைய குற்றச்சாட்டுகள் முக்கியமாக நான்கு. பழகிய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள். சாதிகளை ஒன்றாக உட்காரவும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கவும் வற்புறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் பூ கூடாது என்கிறார்கள். தமிழ் இசையை வழிபாட்டிலிருந்தும் விசேஷங்களிலிருந்தும் விலக்குகிறார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியபோது பிளவு முற்றிவிட்டது.

பூவையும் பாட்டையும் தடுத்தவர்கள்மேல் நமக்குக் கோபம் வருகிறது, நியாயம்தான். ஆனால் அதே பட்டியலில் சாதியும் இருக்கிறதே! சாஸ்திரியாருக்கு இந்த நான்கும் ஒரே துணியின் இழைகள். கௌரவமான தமிழ் வாழ்க்கை முறை என்ற துணி. அவர் காத்த மெட்டுகள் எல்லாச் சாதியினருக்கும் போய்ச் சேர்ந்தன, அவர் காத்த இருக்கை வரிசையோ அவர்களில் ஒரு பகுதியினரைப் பின்னால் தள்ளியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அவரைக் கொண்டாடுவது அரைகுறை வரலாறு. யார் யாரோடு உட்காரலாம் என்ற கேள்வி எந்த மெட்டில் பாடலாம் என்ற கேள்விக்குள் எப்போதும் ஒளிந்துகொண்டிருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ இசையின் ஒவ்வொரு சண்டையிலும் இதைப் பார்க்கலாம்.

1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப், சாஸ்திரியாருடைய பாட்டுகளையும் மற்றவர்களுடைய பாட்டுகளையும் திரட்டி அச்சிட்டார். இன்றைய கீர்த்தனைப் புத்தகத்தின் மூலம் அதுதான். ஒருவரின் காலட்சேபத்தில் கேட்ட பாட்டு அதன்பின் சபை தோறும் எண் பெற்றது. பின்னர் ஈரோட்டில் பணிபுரிந்த மிஷனரி ஹெர்பர்ட் பாப்லி தமிழ் இசையை முறையாகக் கற்று, 1921இல் இந்திய இசை பற்றி ஒரு நூலே எழுதினார். கிறிஸ்தவக் கதாகாலட்சேபத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. முந்தைய தலைமுறை மிஷனரிகள் விலக்கியதை அடுத்த தலைமுறை மிஷனரிகள் வரவேற்றார்கள்.

இன்னொரு தஞ்சாவூர்க்காரரை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர், தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்து சித்த மருத்துவரானவர், அதில் ஈட்டிய பணத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டியவர். 1917இல் வந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு, சுருதி இருபத்திரண்டு என்ற வழக்கமான கொள்கையை மறுத்தவர். இசை உலகம் அவரை இந்த வாதத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1907இல், தம்முடைய கிறிஸ்தவக் கீர்த்தனைகளைச் சுரத்தோடு 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்று வெளியிட்டவர் அவர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய வாதத்தை வீணையில் வாசித்துக் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்கள். குடும்பப் பெண்கள் மேடையேறுவது அபூர்வமாக இருந்த நாட்களில் இது சாதாரணச் செய்தி இல்லை. மாலை ஜெபத்தில் பாடிப் பழகிய வீட்டுக்குத்தான் இது எளிதாக வந்திருக்கும் என்பது என் ஊகம்.

கத்தோலிக்கரின் கதை வேறு. திருப்பலி லத்தீனில் நடந்ததால் அவர்களுடைய தமிழ்ப் பாட்டு நெடுங்காலம் பலிபீடத்துக்கு வெளியேதான் வளர்ந்தது: தேர்ப்பவனியில், தவக்காலப் புலம்பலில், பாஸ்கா நாடகத்தில். கோவாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' வடபுலத்தில் தவக்காலம் தோறும் இராகம் இழுத்து வாசிக்கப்பட்டு வந்தது. கேட்டவர்கள் ஒப்பாரி கேட்டது போலக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மக்கள் மொழிக்கு வழிவிட்டபின் இந்தப் பாட்டுகளின் ஈரம் கொஞ்சம் பலிபீடத்துக்குள்ளும் வந்தது.

மறுபடி சாதிக்கும் மெட்டுக்கும் வருவோம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்களுக்குப் 'பரட்டை', ஒரு கேள்வியை நேராகக் கேட்டார். சபையில் பெரும்பாலோர் தலித்துகளும் கிராமத்து ஏழைகளும். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை யாருடைய பண்பாடு? 'இந்தியமயமாக்கல்' என்ற பெயரில் சபை எடுத்துக்கொண்டது மேல்சாதி இசையைத்தானே? அவர் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் வழிபாட்டு ஒழுங்கையே அமைத்தார். கடவுளைத் தந்தை என்றோ தாய் என்றோ பிரிக்காமல் 'பெத்தவரே' என்று அழைக்கும் பாட்டுகள் அதில் உண்டு. எல்லோரும் கொண்டுவருவதை ஒரே உலையில் போட்டுச் சமைத்துச் சேர்ந்து உண்பதும் அவர் இறையியலில் அடக்கம். தென் மாவட்டங்களில் அசனப் பண்டிகை பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. நாட்டுப்புறப் பாட்டின் பலமே அதை யாரும் மாற்றிப் பாடலாம் என்பதுதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாற்றக் கூடாத பாட்டு பாடுகிறவனை அடக்கி வைக்கும், மாற்றக் கூடிய பாட்டு அவனையும் ஆசிரியனாக்கும் என்பது அந்த வாதத்தின் சாரம்.

எதிர்ப்பு வந்தது, எதிர்பாராத திசையிலிருந்தும் வந்தது. நாட்டுப்புற மெட்டோடு வந்த பறை ஆலயத்துக்குள் வேண்டாம் என்றவர்களில் தலித் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பிணத்துக்கு முன்னால் அடிக்க வைக்கப்பட்ட இழிவிலிருந்து விடுபடத்தானே கிறிஸ்தவர்களானோம், அதையே எங்கள் கையில் திரும்பக் கொடுக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டால் அதற்கு எளிய பதில் கிடையாது. இழிவு தோலில் இல்லை, அடிக்க வைத்தவனிடம் இருக்கிறது என்பது அப்பாவு தரப்பின் பதில். பறை பல மேடைகளில் ஏறிவிட்ட பிறகும் இந்த வாதம் முடிந்தபாடில்லை.

அப்பாவுவின் விமர்சனத்தில் எனக்கு ஓரிடத்தில் மட்டும் தயக்கம். கீர்த்தனை மேல்சாதி இசையாகவே இருந்துவிட்டதா? கிராமத்து ஆலயத்தில் டோலக்கும் கைத்தாளமுமாக அதே கீர்த்தனை பாடப்படும்போது கேட்டுப் பாருங்கள். கமகம் கழன்றுவிட்டிருக்கும், தாளம் துள்ளும், மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடத்தில் ஊரே கூடிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். யாருடைய அனுமதியும் கேட்காமல் சாஸ்திரியாரின் பாட்டை நாட்டுப்பாட்டாக்கிவிட்டார்கள். அப்பாவு வேண்டியது ஏற்கெனவே பாதி நடந்திருந்தது. தொடக்கத்தில் சொன்ன, புத்தகத்து ராகத்துக்கும் வீட்டு மெட்டுக்குமான முரண் இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்து வந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது, சத்தமில்லாமல் வந்ததால் யாரும் அதைச் சர்ச்சையாக்கவில்லை. இலங்கை வானொலியில் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் காலையில் வீட்டுக்குள் வரத் தொடங்கின. பிறகு கேசட். நற்செய்திக் கூட்டங்களில் டி.ஜி.எஸ். தினகரன் பாடிய பாட்டுகளும், கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியேறிய பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுப்புகளும் சபைப் பிரிவின் வேலியைத் தாண்டின. ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம், ஒரு பெந்தெகோஸ்தே குடும்பம், ஒரு கத்தோலிக்கக் குடும்பம் மூன்றும் ஒரே பாட்டை முணுமுணுப்பது அதற்கு முன் இவ்வளவு பரவலாக நடந்ததில்லை. அந்த வகையில் கேசட் செய்ததை எந்த ஐக்கிய மாநாடும் செய்யவில்லை என்றே சொல்லலாம். பாட்டின் உள்ளடக்கமும் மாறியது. பழைய கீர்த்தனை சிலுவையைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் விவரித்துச் செல்லும். பெரும்பாலும் கதை சொல்லும். புதிய பாட்டில் 'நான்' பேசுகிறேன்: என் கண்ணீர், என் கடன், என் நோய், என் வெற்றி. அன்றாடத் துயரத்துக்கு இவ்வளவு அருகில் பழைய பாட்டு வந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் தூக்கமில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு ஏழு சரணங்களில் மீட்பின் வரலாறு சொல்லும் கீர்த்தனையைவிட இரண்டு வரி ஆறுதல் எளிதாக எட்டும்.

ஆனால் பாட்டைக் கேட்கத் தொடங்கிய வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாடுவதைக் குறைத்துக்கொண்டது. மேனாட்டு மெட்டிலிருந்து கர்நாடக மெட்டுக்கு மாறியபோதும், கர்நாடக மெட்டிலிருந்து நாட்டு மெட்டுக்கு மாறியபோதும் பாடியவர்கள் வீட்டில் இருந்தவர்கள். இப்போது சமையலறையில் கைபேசி பாடுகிறது, அம்மா கேட்கிறார், சில சமயம் கூடச் சேர்ந்து முனகுகிறார். ஸ்டுடியோவில் பயிற்சி பெற்ற குரலுக்காக அமைத்த பாட்டு பாதியில் ஒரு சுரம் மேலேறும், இடையே கிட்டார் வரும், கடைசியில் பின்குரல்கள் அடுக்கடுக்காக வரும். வீட்டுக் குரலுக்கு அந்த ஏற்றம் எட்டுவதில்லை. கீர்த்தனையைப் போல ஊர் கூடி அதைக் கீழே இறக்கவும் முடிவதில்லை. 'சரியான' வடிவம் எப்போதும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறதே. யாரும் மாற்றிப் பாடலாம் என்று அப்பாவு சொன்ன குணத்தைப் பாட்டு இழந்தது கர்நாடக சங்கீதத்தாலல்ல, பதிவுக் கருவியால்.

இது ஞாயிறு ஆராதனையில் அவ்வளவாகத் தெரியாது. அங்கே பாடகர் குழு இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, திரையில் வரிகள் ஓடுகின்றன. துக்க வீட்டில் தெரியும். உடல் கிடத்தப்பட்டிருக்கும் அறையில் இரவு முழுக்கப் பாடுவது பல ஊர்களில் வழக்கம். அந்தப் பாட்டை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை. வயதான பெண் ஒருவர் ஏதோ ஒரு சுருதியில் எடுப்பார், மற்றவர்கள் வந்து சேர்வார்கள். ஒரு கீர்த்தனை முடியும்போது அடுத்ததை வேறொருவர் எடுப்பார். புத்தகம் பிரிக்க வேண்டிய தேவையே இருக்காது. விடியும் வரை ஓடும் அளவுக்கு மனப்பாடப் பாட்டுகள் அந்த அறையில் இருக்கும். இப்போது பல துக்க வீடுகளில் வாசலில் ஒலிபெருக்கி வைத்து பென் டிரைவில் பாட்டு போட்டுவிடுகிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வசதி என்பதை மறுக்க முடியாது. அழுது களைத்தவர்களைப் பாடச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் பாட்டு எடுக்கும் பெண்கள் அங்கே கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. பிரசங்க பீடம் ஏற விடப்படாத தலைமுறையைச் சேர்ந்த பெண்களுக்குச் சபைக்குள் கிடைத்திருந்த ஒரே தலைமை இடம் அது என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சபைகள் சும்மா இருக்கவில்லை. சேகரங்கள் தோறும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாமாலைப் போட்டி, கீர்த்தனைப் போட்டி நடக்கிறது. பிள்ளைகள் எல்லாச் சரணங்களையும் பிசகாமல் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். நடுவர் சுருதிக்கு மதிப்பெண் போடுகிறார், உச்சரிப்புக்குப் போடுகிறார், தாளத்துக்குப் போடுகிறார். குடும்பமாகச் சேர்ந்து பாடும் பிரிவு ஒன்றைச் சில இடங்களில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்குத்தான் பெயர் கொடுப்பவர்கள் குறைவு.